நொய்யலை எந்தக் கணக்கில் பற்று எழுதுவது?

பி.காம். படித்தவர்கள் எல்லோரும் ஒருமுறையாவது போட்டிருக்கக்கூடிய ஒரு கணக்கிலிருந்து தொடங்குகிறேன். மேலாண்மைக் கணக்கியல் தாள், விகிதப் பகுப்பாய்வு அத்தியாயம். கடன் கொள்முதல் இவ்வளவு, கடனீந்தோர் இருப்பு இவ்வளவு என்று கொடுத்துவிட்டு, கடனீந்தோருக்குப் பணம் கொடுக்கச் சராசரியாக எத்தனை நாள் ஆகிறது என்று கேட்பார்கள். போன வருடம் 45 நாள், இந்த வருடம் 90 நாள் என்று விடை வரும். கீழே விளக்கம் எழுத வேண்டும். நடைமுறை மூலதனத் தேவை குறைந்திருக்கிறது, வட்டியில்லாத பிறர் பணத்தில் தொழில் ஓடுகிறது, நிர்வாகம் திறமையானது என்று எழுதினால் மதிப்பெண் விழும். கவனமான ஆசிரியராக இருந்தால், சந்தையில் பெயர் கெட வாய்ப்புண்டு என்று இன்னொரு வரி சேர்க்கச் சொல்வார். அந்த 90 நாளும் காத்திருந்த ஆள் யார், தன்னிடம் வேலை பார்ப்பவர்களுக்குச் சனிக்கிழமைச் சம்பளம் கொடுக்க அவர் எந்த வட்டிக்குப் பணம் புரட்டினார் என்பதெல்லாம் கணக்கில் வராது. யாரும் கேட்கவும் மாட்டார்கள்.

இதே விகிதத்தை இன்னோர் இடத்தில் பாருங்கள். 2023 ஜூலையில் செபி 'பி.ஆர்.எஸ்.ஆர். கோர்' என்று ஒரு பட்டியலை வெளியிட்டது. பங்குச் சந்தையில் உள்ள பெரிய நிறுவனங்கள் தங்கள் நிலைத்தன்மை அறிக்கையில் கட்டாயம் சொல்ல வேண்டிய, மூன்றாம் நபர் ஒருவர் சரிபார்க்க வேண்டிய தகவல்கள் அதில் இருக்கின்றன. கரியமில வாயு, தண்ணீர், கழிவு, மொத்தச் சம்பளத்தில் பெண்களுக்குப் போனது எவ்வளவு என்பவற்றோடு, கடனீந்தோருக்குப் பணம் கொடுக்க ஆகும் நாட்கள் எத்தனை என்றும் ஒரு வரி இருக்கிறது. வகுப்பில் சாமர்த்தியமாகச் சொல்லிக்கொடுக்கப்பட்ட அதே எண், இங்கே நடத்தைச் சான்றிதழாகக் கேட்கப்படுகிறது. சட்டமும் சும்மா இல்லை. 2006-ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில் சட்டப்படி, குறு அல்லது சிறு நிறுவனத்திடம் பொருளோ சேவையோ வாங்கியவர் அதிகபட்சம் 45 நாளுக்குள் பணம் கொடுத்துவிட வேண்டும். தவறினால் ரிசர்வ் வங்கியின் வங்கி வட்டி விகிதத்தைப் போல மூன்று மடங்கு, மாதா மாதம் கூட்டு வட்டியாக ஏறும். 2023 நிதிச் சட்டம் வருமான வரிச் சட்டத்தில் 43பி பிரிவில் ஓர் உட்பிரிவைச் சேர்த்து, கெடுவைத் தாண்டி நிற்கும் பாக்கியை, பணம் கொடுத்த வருடத்தில்தான் செலவாகக் கழிக்க முடியும் என்று கட்டிப்போட்டது. ஆக, 90 நாளைப் பாராட்டி எழுதிய மாணவர் அறத்தை விட்டார் என்பது ஒருபுறம் இருக்கட்டும். வட்டிப் பொறுப்பை விட்டார், வரியை விட்டார். கணக்கையே தப்பாகப் போட்டிருக்கிறார்.

நான் சொல்ல வருவது இதைத்தான். கணக்கியல் கல்வியில் நிலைத்தன்மையும் நெறியும் வேண்டும் என்று இன்று எல்லோரும் பேசுகிறார்கள். பேசி முடித்ததும் எல்லோரும் செய்கிற காரியம், பாடத்திட்டத்தில் ஒரு புதிய தாளைச் சேர்ப்பது. அது வேண்டாம் என்கிறேன். அந்தத் தாளில் சொல்ல வேண்டிய விஷயம் ஏற்கெனவே இருக்கும் தாள்களுக்குள், நாம் தினம் போடும் கணக்குகளுக்குள் இருக்கிறது. அதை அங்கிருந்து பிடுங்கித் தனியாக நட்டால் பட்டுப்போகும்.

தனித் தாளின் கதி என்ன ஆகும் என்பதற்கு ஊகம் தேவையில்லை, முப்பது வருடச் சரித்திரம் இருக்கிறது. எம்.சி. மேத்தா வழக்கில் 1991-ல் உச்ச நீதிமன்றம் சுற்றுச்சூழல் கல்வியைக் கட்டாயமாக்கச் சொன்னது. பல்கலைக்கழக மானியக் குழு அரையாண்டுப் பாடம் ஒன்றை வகுத்து எல்லா இளநிலைப் படிப்புகளுக்கும் வைத்தது. நோக்கம் உயர்ந்தது, பாடநூலும் மோசமில்லை. ஆனால் பி.காம். வகுப்பில் அந்தத் தாள் என்னவாயிற்று என்பது எல்லோருக்கும் தெரியும். உணவுச் சங்கிலிப் படம், அமில மழைக்கு நான்கு காரணம், தேர்வுக்கு முந்தின இரவு ஒரு கைடு. அந்த மாணவரே அடுத்த மணி நேரத்தில் அடக்கவிலைத் தாளில் ஒரு ரசாயனத் தொழிற்சாலைக்குக் கணக்குப் போடுவார். இரண்டுக்கும் சம்பந்தம் உண்டு என்று அவருக்கு யாரும் சொல்வதில்லை. கம்பெனிச் சட்டத்தின் 135-ஆம் பிரிவு பற்றிய பாடமும் இதே ரகம்தான். மூன்று வருட சராசரி லாபத்தில் 2 சதவீதம் சமூகப் பொறுப்புக்கு என்று மனப்பாடம் செய்கிறார்கள். லாபத்தில் 2 சதவீதத்தை எப்படிச் செலவழித்தாய் என்பதற்கு ஒரு மரக்கன்று நடும் புகைப்படம் போதும். மீதி 98 சதவீதத்தை எப்படிச் சம்பாதித்தாய் என்பதற்குத்தான் கணக்கியல் வேண்டும்.

திருப்பூரை எடுத்துக்கொள்வோம். செயல்முறை அடக்கவிலைக் கணக்கு என்பது நம் தேர்வுகளின் நிரந்தர விருந்தாளி. 1,000 கிலோ உள்ளே போகிறது, 5 சதவீதம் இயல்பு நட்டம், கழிவை விற்றால் கிலோவுக்கு இவ்வளவு, அசாதாரண நட்டம் இவ்வளவு. துணி உள்ளே போகும், சாயம் போகும், உப்பு போகும், கூலி போகும், எல்லாம் பற்றுப் பக்கத்தில் இருக்கும். ஒரு கிலோ பின்னல் துணிக்குச் சாயமேற்ற 60 லிட்டர் தண்ணீர் ஆகிறது என்று ஒரு பேச்சுக்கு வைத்துக்கொள்ளுங்கள். லாரித் தண்ணீராக இருந்தால் வாங்கின விலை பற்றில் வரும். வெளியே போகும் தண்ணீருக்கு இந்தக் கணக்கில் எந்தப் பத்தியும் இல்லை. அது நொய்யல் ஆற்றுக்குப் போயிற்று, அங்கிருந்து ஒரத்துப்பாளையம் அணைக்குப் போயிற்று. பாசனத்துக்காக 1992-ல் முடிந்த அணை சாயக்கழிவுத் தேக்கமாக மாறி, அணையில் தண்ணீர் தேக்காதீர்கள் என்று விவசாயிகளே கேட்கும் நிலை வந்தது. ஆயக்கட்டுதாரர்கள் வழக்குப் போட்டார்கள். 2006 டிசம்பரில் சென்னை உயர் நீதிமன்றம், சுத்திகரிப்பு ஏற்பாடு முடியும்வரை வெளியேற்றும் ஒவ்வொரு லிட்டருக்கும் முதலில் 6 பைசா, பிறகு 8 பைசா, பிறகு 10 பைசா கட்டச் சொன்னது. 2009-ல் உச்ச நீதிமன்றமும் சாயப்பட்டறைக்காரர்களின் மேல்முறையீட்டை ஏற்கவில்லை. 2011 ஜனவரி 28-ல் உயர் நீதிமன்றம் 700-க்கும் மேற்பட்ட சாய, சலவைப் பட்டறைகளை, கழிவுநீர் ஒரு சொட்டும் வெளியே போகாத ஏற்பாடு செய்யும்வரை மூடச் சொல்லிவிட்டது.

இந்த 6 பைசா ஒரு கணக்கியல் ஆசிரியருக்குக் கிடைத்த பரிசு. நாளைக்கு 5,000 கிலோ சாயமேற்றும் பட்டறை என்றால் 3 லட்சம் லிட்டர். 6 பைசா வீதம் நாளைக்கு 18,000 ரூபாய், 10 பைசா வீதம் 30,000 ரூபாய். கிலோவுக்கு 3 ரூபாய் 60 காசிலிருந்து 6 ரூபாய். இதைச் செயல்முறைக் கணக்கில் பற்று எழுதலாமா? மாணவர்கள் ஆமாம் என்பார்கள். அப்போது செலவுக் கணக்கர் நிறுவனத்தின் 14-ஆம் தரநிலையை எடுத்துக் காட்டலாம். மாசுக் கட்டுப்பாட்டுச் செலவு பற்றியே ஒரு தனித் தரநிலை அது. சுத்திகரிப்புக்கு ஆகும் செலவு அடக்கவிலையில் சேரும். விதியை மீறியதற்கான அபராதம் சேராது. வருமான வரிச் சட்டமும் குற்றத்துக்குக் கட்டிய தண்டத்தைச் செலவாக ஏற்காது. சரி, அந்த 6 பைசா அபராதமா, அல்லது ஆற்றைப் பயன்படுத்தியதற்கான விலையா? நீதிமன்றம் அபராதம் என்றுதான் சொன்னது. ஆனால் லிட்டர் கணக்கில் ஏறி இறங்கும் ஒரு தொகை பார்ப்பதற்கு விலை மாதிரியே இருக்கிறது. விலை என்று எடுத்துக்கொண்டு, கொடுத்துவிட்டு, கழிவை விட்டுக்கொண்டே இருக்கலாம் என்று ஒரு முதலாளி நினைத்தால் அவரைத் தடுப்பது எது? இந்தக் கேள்வியை ஒரு வகுப்பில் முக்கால் மணி நேரம் பேசலாம். நெறி என்ற சொல்லை ஒருமுறைகூட உச்சரிக்காமலே நெறியைப் பேசி முடித்திருப்பீர்கள்.

கணக்கு அங்கேயும் முடிவதில்லை. பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களில் இப்போது தண்ணீரை ஆர்.ஓ.வில் விட்டு, எஞ்சியதை எவாப்பரேட்டரில் கொதிக்க வைத்து, நல்ல தண்ணீரையும் சாயத்துக்குத் திரும்பப் பயன்படும் உப்பையும் மீட்கிறார்கள். மீட்டதெல்லாம் செயல்முறைக் கணக்கில் வரவு. கடைசியில் ஒரு கலப்பு உப்பு மிஞ்சுகிறது. அதற்கு வாங்குவார் இல்லை, கொட்டவும் கூடாது, ஷெட்டில் மூட்டை மூட்டையாக அடுக்கி வைத்திருக்க வேண்டும். இது துணைப் பொருளா, கழிவா, சரக்கிருப்பா, பொறுப்பா? பாடப்புத்தகத்தில் கழிவு என்றால் ஒரு விற்பனை மதிப்பு இருக்கும், அல்லது பூஜ்யமாக இருக்கும். பூஜ்யத்துக்குக் கீழே போகும் கழிவை நம் மாணவர்கள் பார்த்ததே இல்லை. ஊர் முழுக்க இருக்கும் கழிவு அதுதான்.

அடுத்தது ராணிப்பேட்டை. தமிழ்நாடு குரோமேட்ஸ் அண்ட் கெமிக்கல்ஸ் என்ற தொழிற்சாலை 1970-களின் நடுவில் தொடங்கி 1990-களின் நடுவில் மூடப்பட்டது. நச்சுக் குரோமியம் கலந்த கழிவு லட்சக்கணக்கான டன் அங்கேயே கிடந்தது. 2006-ல் பிளாக்ஸ்மித் நிறுவனம் வெளியிட்ட, உலகின் மிக மாசுபட்ட 10 இடங்களின் பட்டியலில் ராணிப்பேட்டையும் இருந்தது. கம்பெனி போய்விட்டது, கழிவு போகவில்லை. பதினோராம் வகுப்புக் கணக்குப்பதிவியலில் 'நிறுவனத் தொடர்ச்சிக் கருத்து' படிக்கிறோம்: தொழில் காலவரையின்றி நடக்கும் என்று எடுத்துக்கொண்டு கணக்கெழுத வேண்டும். தொழில் நின்றுபோனால் என்ன மிஞ்சும் என்று கேட்கத் தூண்டும் பாடம் அதற்குப் பக்கத்திலேயே இருக்க வேண்டும். ஐயக்கடன் ஒதுக்கு என்றால் எந்த மாணவரும் தூக்கத்தில்கூடச் சொல்வார்: வராமல் போகக்கூடிய கடனுக்கு இந்த வருட லாபத்திலிருந்தே ஒரு தொகையை ஒதுக்கு. வராத பணத்துக்கு ஒதுக்கத் தெரிந்தவருக்கு, போகாத கழிவுக்கு ஒதுக்குவது ஏன் அந்நியமாகத் தெரிய வேண்டும்?

தரநிலைகளில் இதற்கு இடமில்லை என்று யாரும் சொல்ல முடியாது. ஒதுக்குகளைப் பற்றிய ஏ.எஸ். 29 இந்தியாவில் 2003-ல் வந்தது. அதற்கு முன்பே மூடிவிட்ட ராணிப்பேட்டை ஆலைக்கு அது உதவவில்லை. இன்று பெரிய நிறுவனங்களுக்கு இண்ட் ஏஎஸ் 37 இருக்கிறது. அதன் பின்னிணைப்பில் ஓர் உதாரணம் உண்டு. சுற்றுச்சூழல் சட்டமே இல்லாத ஒரு நாட்டில் ஓர் எண்ணெய் நிறுவனம் நிலத்தைக் கெடுத்துவிடுகிறது. சுத்தம் செய்யச் சட்டம் சொல்லவில்லை. ஆனால் தான் கெடுத்ததைத் தானே சுத்தம் செய்வதாக அந்த நிறுவனம் ஊரறியக் கொள்கை வெளியிட்டிருக்கிறது, முன்பு அப்படிச் செய்தும் இருக்கிறது. அப்படியானால் அந்தச் செலவுக்கு ஒதுக்கு வைத்தே ஆக வேண்டும் என்கிறது தரநிலை. அதாவது, சட்டம் கட்டாயப்படுத்தாத இடத்திலும், ஊர் நம்பும்படி கொடுத்த வாக்கு பேரேட்டில் பொறுப்பாக ஏறும். அதே சமயம் வாக்குகள் எல்லாமே ஏறிவிடாது. 2050-க்குள் கரியமில வாயுவைப் பூஜ்யமாக்குவேன் என்று அறிவித்தால் என்ன என்ற கேள்வி சர்வதேசத் தரநிலை விளக்கக் குழுவுக்குப் போய், 2024 ஏப்ரலில் பதில் வந்தது. இனிமேல் வாங்கப்போகும் இயந்திரத்துக்கான செலவு கடந்த கால நிகழ்விலிருந்து பிறக்கவில்லை, ஆகவே அறிவிப்பு ஒன்றை மட்டும் வைத்து அதற்கு இன்று ஒதுக்கு வராது என்றார்கள். கெடுத்த நிலத்தைச் சுத்தம் செய்வேன் என்ற வாக்கையும், இனி குறைவாகக் கெடுப்பேன் என்ற வாக்கையும் பிரித்துப் பார்க்க இதைவிட நல்ல பாடம் வேறெங்கும் கிடையாது. நிலைத்தன்மை அறிக்கை ஒன்றைக் கையில் கொடுத்து, இதில் உள்ள வாக்குறுதிகளில் எவை இருப்புநிலைக் குறிப்பில் ஏற வேண்டும், எவை வெறும் ஆசை என்று கோடு போடச் சொல்லுங்கள். பி.காம். இரண்டாம் ஆண்டிலேயே செய்யலாம்.

பெரிய நிறுவனம், தரநிலை என்று போனால் மிரட்சி வரும் என்பவர்களுக்குப் பன்னிரண்டாம் வகுப்புப் பாடம் ஒன்றே போதும். கூட்டாளி விலகல். வேலூர்ப் பக்கம் ஒரு தோல் பதனிடும் கூட்டாண்மையில் 1994-ல் ஒருவர் விலகுகிறார் என்று ஒரு கணக்கு வையுங்கள். மறுமதிப்பீட்டுக் கணக்கில் கட்டடம் ஏறும், இயந்திரம் இறங்கும், ஐயக்கடன் வரும், கடைசியில் பதிவுறாப் பொறுப்பு என்று ஒரு வரியும் வரும். பாலாற்றங்கரையில் கெட்ட கிணறுகளுக்கான நஷ்டஈடு அந்த வரியில் வருமா வராதா? 1996 ஆகஸ்ட் 28-ல் வேலூர் குடிமக்கள் நல மன்ற வழக்கில் உச்ச நீதிமன்றம், கெடுத்தவரே கொடுக்க வேண்டும் என்பது இந்த நாட்டுச் சட்டத்தின் பகுதி என்று தீர்ப்புச் சொன்னது. தோல் தொழிற்சாலைகள் உள்ள பகுதியில் ஏறத்தாழ 35,000 ஹெக்டேர் விளைநிலம் முழுதாகவோ ஓரளவோ சாகுபடிக்கு உதவாமல் போயிருக்கிறது என்ற ஆய்வைத் தீர்ப்பு எடுத்துக்காட்டியது. தொழிற்சாலை ஒன்றுக்கு 10,000 ரூபாய் அபராதமும் விதித்தது, நஷ்டஈட்டைக் கணக்கிட ஓர் ஆணையம் அமைக்கவும் சொன்னது. 2025 ஜனவரி 30-ல் அதே உச்ச நீதிமன்றம், பாலாற்று மாசுக்கு நஷ்டஈட்டைக் கொடுத்துவிட்டுக் கெடுத்தவர்களிடம் வசூலியுங்கள் என்று மறுபடி உத்தரவு போட வேண்டியிருந்தது. 1994-ல் விலகிய கூட்டாளி, அந்த வரி எழுதப்படாததால் அதிகப் பங்கை எடுத்துக்கொண்டு போய்விட்டார். தங்கியவர்கள் தலையில் விடிந்தது. இங்கே ஏமாந்தது விவசாயி மட்டும் இல்லை, கூடவே தொழில் செய்த பங்காளியும்தான். அறம் என்றாலே வெளியாருக்குச் செய்யும் தயவு என்று நினைக்கும் மாணவருக்கு இந்த ஒரு கணக்கு உறைக்கும்.

இங்கே ஒரு நேர்மையான தடை உண்டு, அதைத் தாண்டாமல் போக முடியாது. சர்வதேச நிலைத்தன்மைத் தரநிலை வாரியம் 2023 ஜூனில் வெளியிட்ட இரண்டு தரநிலைகளும் முதலீட்டாளருக்காக எழுதப்பட்டவை. நிறுவனத்தின் பண வரவைப் பாதிக்கும் விஷயம்தான் அவற்றுக்கு முக்கியம். ஐரோப்பிய ஒன்றியத்தின் விதிமுறை இன்னொரு பக்கத்தையும் கேட்கிறது: நிறுவனம் உலகை எப்படிப் பாதிக்கிறது? நொய்யல் விவசாயி முதலீட்டாளர் பார்வையில் 2006 வரை தெரியவே மாட்டார். நீதிமன்றம் லிட்டருக்கு விலை வைத்த அன்றுதான் தெரிவார். அதனால் சிலர், இரண்டு பார்வைக்கும் உள்ள வித்தியாசம் வெறும் கால தாமதம்தான், வெளியே செய்த கேடு என்றாவது ஒருநாள் உள்ளே செலவாக வந்துவிடும் என்கிறார்கள். திருப்பூரைப் பார்த்தால் சரி என்றுதான் தோன்றும். ராணிப்பேட்டையைப் பார்த்தால் தோன்றாது. அங்கே கேடு உள்ளே வருவதற்குள் கம்பெனி இல்லாமல் போய்விட்டது, சுத்தம் செய்யும் பாரம் பொதுப் பணத்தின் மேல் விழுந்தது. ஆகவே முதலீட்டாளர் பார்வை போதும் என்பவர்களோடு நான் ஒத்துப்போகவில்லை. ஆனால் வகுப்பில் ஒரு கட்சியைச் சரி என்று சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. இரண்டு ஊரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் மாணவரே எங்கே இடிக்கிறது என்று கண்டுகொள்வார்.

நெறியைப் பற்றி வேறோர் ஆட்சேபம் அடிக்கடி வருகிறது. நேர்மை வீட்டில் வர வேண்டியது, இருபது வயதில் வகுப்பறையில் ஊட்ட முடியாது என்பார்கள். பாதி உண்மை. ஆனால் சத்யம் கம்ப்யூட்டர் நிறுவனத்தின் மோசடி என்ன சொல்கிறது? 2008 செப்டம்பரில் நல்ல நிர்வாகத்துக்காக 'கோல்டன் பீகாக்' விருது வாங்கிய கம்பெனி அது. 2009 ஜனவரி 7-ல் அதன் தலைவர் ராமலிங்க ராஜு, கணக்கில் காட்டிய ரொக்கத்திலும் வங்கி இருப்பிலும் 5,040 கோடி ரூபாய் இல்லவே இல்லை என்று கடிதம் எழுதினார். விருதைப் பிறகு திரும்ப வாங்கிக்கொண்டார்கள் என்பது வேறு கதை. வங்கி இருப்புக்கான சான்றைத் தணிக்கையாளர் நேரடியாக வங்கிக்கு எழுதி, பதிலை நேரடியாகத் தானே வாங்க வேண்டும் என்பது தணிக்கையின் அரிச்சுவடி. அந்த வேலையைத் தணிக்கை நிறுவனம் சத்யத்தின் கையிலேயே விட்டிருந்தது என்று அமெரிக்க ஒழுங்குமுறை அமைப்புகள் 2011-ல் கண்டறிந்தன. அங்கே இருந்தவர்கள் கெட்ட வளர்ப்பா நல்ல வளர்ப்பா என்று யாருக்கும் தெரியாது. ஒரு தபாலை யார் அனுப்பினார், பதில் யார் முகவரிக்கு வந்தது என்று தெரியும். தொழில் நெறி என்பதில் பெரும்பகுதி இப்படிப்பட்ட அற்ப வேலைகளை விடாமல் செய்வது. அதை நிச்சயம் சொல்லிக்கொடுக்கலாம்.

மீதிப் பகுதி பேச்சு. அமெரிக்காவில் மேரி ஜென்டைல் உருவாக்கிய 'கிவிங் வாய்ஸ் டு வேல்யூஸ்' என்ற பாடமுறை, எது சரி என்ற விவாதத்தில் நேரத்தைக் கழிப்பதில்லை. சரி எது என்று பெரும்பாலும் தெரியும், அதை யாரிடம் எந்த வார்த்தையில் சொல்வது என்று ஒத்திகை பார்க்க வைக்கிறது. நம் ஊர் ஆர்ட்டிகிள் மாணவருக்கு இது எவ்வளவு தேவை என்று யோசியுங்கள். கிளையண்ட் ஆபீசில் அக்கவுண்டன்ட், "தம்பி, மீட்டர் ரிப்பேரு. போன வருஷ வாட்டர் ஃபிகரையே பத்து பர்சென்ட் கொறச்சுப் போட்டுடுங்க, சாருக்குத் தெரியும்" என்கிறார். வயது வித்தியாசம் இருபது, டீயும் வடையும் வேறு வந்தாகிவிட்டது. "முடியாது" என்று முறைத்தால் வேலை நடக்காது. "சரிங்கண்ணா, மீட்டர் ரிப்பேர்னு ஒரு லெட்டர் குடுத்துடுங்க, அத ஃபைல்ல வெச்சுட்டு, மதிப்பீட்டு எண்ணுன்னு போட்டுடறேன்" என்று சொல்லத் தெரிந்திருந்தால் பாதிப் பிரச்சினை அங்கேயே தீரும். அந்தக் கடிதத்தைக் கொடுக்க அண்ணன் தயங்கினால், அதுவே ஒரு தணிக்கைச் சான்று.

இதெல்லாம் ரசாயனம், சூழலியல், கணக்கருக்கு என்ன தெரியும் என்பது அடுத்த கேள்வி. பணிக்கொடைப் பொறுப்பைக் கணக்கிட ஆக்சுவரியை நம்புகிறோம், நிலத்துக்கு மதிப்பீட்டாளரை நம்புகிறோம். நிபுணரின் வேலையை எப்படி எடுத்துக்கொள்வது, எங்கே கேள்வி கேட்பது என்று தணிக்கைத் தரநிலையே இருக்கிறது. அதோடு, கணக்கருக்கு மட்டுமே தெரிந்த ஒன்றும் இருக்கிறது. கழிவுநீரைக் கொதிக்க வைப்பது கரண்டையும் விறகையும் தின்னும் வேலை. சுத்திகரித்த தண்ணீர் போன வருடத்தைவிட அதிகம் என்று அறிக்கை சொல்கிறது, பாய்லருக்கு வாங்கிய விறகு பில் பாதியாகக் குறைந்திருக்கிறது என்றால், மீதித் தண்ணீர் எங்கே போயிற்று என்ற கேள்வி வேதியியல் பட்டதாரிக்கு முன்பாக வவுச்சர் ஃபைல் வைத்திருப்பவருக்குத்தான் தோன்றும். அறிக்கை எழுதச் சொல்லிக்கொடுத்தால் பச்சைப் பூச்சு பூசுபவர்களைத்தான் உருவாக்குவோம் என்று பயப்படுகிறவர்களுக்கும் இதுவே என் பதில். அறிக்கை எழுத மட்டும் சொல்லிக்கொடுத்தால் அவர்கள் பயம் நியாயம். ஒரு பில்லை இன்னொரு பில்லோடு ஒப்பிடச் சொல்லிக்கொடுத்தால் நியாயமில்லை.

பட்டியலிட்ட ஆயிரம் கம்பெனிக்கான சமாச்சாரத்தை டேலியும் ஜி.எஸ்.டி.யும் பார்க்கப்போகும் பையனுக்கு எதற்கு என்பாரும் உண்டு. வெளிநாட்டு வாங்குவோரின் படிவங்கள் திருப்பூரில் சின்ன ஜாப் ஒர்க் யூனிட் வரை வந்துவிட்டன. ஐரோப்பா 2023 அக்டோபரிலிருந்து இரும்பு, எஃகு, அலுமினியம் போன்ற இறக்குமதிகளுக்குக் கார்பன் விவரம் கேட்கிறது, 2026 தொடக்கத்திலிருந்து கட்டணமும் உண்டு. அந்தப் படிவத்தின் மூல எண்கள் மின்வாரிய பில்லிலும் ஜெனரேட்டர் டீசல் பில்லிலும் இருக்கின்றன. மின்சாரம் ஒரு யூனிட்டுக்கு ஏறத்தாழ 0.7 கிலோ கரியமில வாயு என்று மத்திய மின்சார ஆணையத்தின் தரவு சொல்கிறது. டீசலுக்கு லிட்டருக்கு 2.7 கிலோ அளவில் வரும். பில்லை என்ட்ரி போடுகிறவர்தான் கடைசியில் இதையும் நிரப்பப்போகிறார்.

விதிகள் மாறிக்கொண்டே இருக்கின்றனவே, எதைச் சொல்லிக்கொடுப்பது என்ற புகாரில் உண்மை இருக்கிறது. 2011-ல் தன்னார்வ வழிகாட்டி, 2012-ல் முதல் 100 நிறுவனங்களுக்கு அறிக்கை, 2021-ல் அதற்குப் பதில் பி.ஆர்.எஸ்.ஆர்., 2023-ல் கோர், 2025-ல் சப்ளையர் விவரங்களுக்குக் கெடு தள்ளிவைப்பு, உறுதிச்சான்றுக்குப் பதில் மதிப்பீடும் போதும் என்ற தளர்வு. ஐரோப்பாவும் 2025-ல் பின்வாங்கத் தொடங்கிவிட்டது. தனித் தாளாக வைத்துப் படிவத்தைப் பாடமாக்கினால், மாணவர் பட்டம் வாங்குவதற்குள் படிவம் மாறிவிடும். ஒதுக்கு, அடக்கவிலை, சான்று, மறுமதிப்பீடு என்ற அத்தியாயங்களுக்குள் வைத்தால் படிவம் போனாலும் பாடம் நிற்கும்.

உண்மையான முட்டுக்கட்டை வேறு இடத்தில் இருக்கிறது. பட்டயக் கணக்கர் நிறுவனம் 2023 புதிய திட்டத்தில் தணிக்கைத் தாளின் பெயரிலேயே நெறியைச் சேர்த்திருக்கிறது, நல்லது. ஆனால் நம் பல்கலைக்கழகத் தேர்வுகளில் கணக்கு என்றால் இரண்டு பக்கமும் சமமாக வர வேண்டும், விடைக்குறிப்பில் ஒரே எண் இருக்க வேண்டும். கலப்பு உப்பு மூட்டைகளுக்கு எவ்வளவு ஒதுக்கு என்ற கேள்விக்கு ஒரே எண் கிடையாது. 8 லட்சம் என்று எழுதியவரும் 14 லட்சம் என்று எழுதியவரும், காரணம் சரியாக இருந்தால், முழு மதிப்பெண் வாங்க வேண்டும். விடைத்தாள் திருத்தும் முகாமில் கட்டுகளுக்கு நடுவே உட்கார்ந்திருப்பவரிடம் இதை எதிர்பார்ப்பது கொடுமை. அதனால் 75 மதிப்பெண் தேர்வை இப்போதைக்கு விட்டுவிடலாம். அகமதிப்பீட்டுக்கான 25 மதிப்பெண் கல்லூரியின் கையிலேயே இருக்கிறது, அதற்குப் பாடத்திட்டக் குழுவின் அனுமதியும் வேண்டாம். அடுத்த பருவத்தில் அடக்கவிலை எடுக்கும் ஆசிரியர் ஒருவர், சாயப்பட்டறைக் கணக்கைக் கொடுத்து, (அ) செயல்முறைக் கணக்குத் தயாரி, (ஆ) லிட்டருக்கு 6 பைசா எங்கே போகும், (இ) மிஞ்சிய உப்புக்கு என்ன ஒதுக்குவாய், ஏன் என்று மூன்று கேள்வி கேட்கலாம். மூன்றாவதற்கு வரும் விடைகளைத் திருத்தத்தான் கொஞ்சம் நேரம் பிடிக்கும்.